முதுசமும் நிருவாகியும்

யாழ்ப்பாணத்துத் தேசவழமை 1707இல் ஒல்லாந்தர் ஆட்சியில் எழுத்துருப் பெற்றது. பெற்றோர்வழி வந்த காணியை அது முதுசம் என வழங்கி, உரித்தாளரிடமே சேர்த்தது. மரணச் சொத்தின் நிருவாகியோ ஆங்கில நீதிமுறையோடு வந்தவன். நீதிமன்று நியமித்தமையால் காணிக்கு அவனே உடையவன் என ஊரார் மயங்குவர். அஃது அன்று. இலங்கைச் சட்டப்படி, உடையவர் இறந்த கணமே உரிமை உரித்தாளரைச் சேரும். அவர் தம் பங்கை விற்கவும் கூடும். ஆயின், இறந்தவர் பட்ட கடனைத் தீர்க்க அதே காணியை விற்கும் அதிகாரம் நிருவாகிக்கு உண்டு. உரித்தாளரிடம் முன்னரே வாங்கியவரும் அவ்வதிகாரத்துக்கு உட்பட்டவரே.

ஆகவே இவ்வழக்குகளில் உறுதியைக் காட்டிலும் கடனையே நுணுகி ஆராய்தல் வேண்டும். இல்லாத கடனைக் காட்டிப் பனங்காணியும் கிணற்றுப் பங்கும் விலைப்படுமாயின், கெடுபவர் பெரும்பாலும் கணக்குக் கேட்க அறியாத இளைய மக்களே. நிருவாகி நீதிமன்றுக்குக் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவன்; அதனைக் கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு.