மூன்றாம் ஷிப்டும் மூன்றாம் தனிமமும்

ஆலங்குளம் சிமெண்ட் ஊர். பக்கத்து ராஜபாளையம் நூற்பாலை ஊர். ஷிப்ட் என்றால் என்னவென்று யாரும் கேட்காத வட்டாரம். மூன்றாம் ஷிப்டான இரவு வேலை முடிந்து விடிகாலையில் வந்து, ஜன்னலில் போர்வையை மாட்டிவிட்டுத் தூங்குபவரிடம் ‘ரெண்டு நாள்ல பழகிடும்’ என்பார்கள். லேசில் பழகாத ஒன்று மண்டைக்குள் இருக்கிறது. இரு கண் நரம்புகளும் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, ஏறத்தாழ 20,000 நரம்புச் செல்கள் சேர்ந்து ஓட்டும் உயிர்க் கடிகாரம் அது. வெளிச்சத்தைப் பார்த்தே மணி திருத்திக்கொள்ளும்.

பெரும்பாலானோருக்கு இந்தக் கடிகாரம் குழம்பினால் எரிச்சலும் அஜீரணமும்தான். இருமுனைக் கோளாறு உள்ளவர்களுக்கு அதோடு முடிவதில்லை. தூக்கமே வேண்டாத பரபரப்பு, நிற்காத பேச்சு, கைமீறிய செலவு என்று ஒரு கட்டம். அதற்குப் பித்தெழுச்சி என்று பெயர். எழுந்திருக்கவே முடியாத சோர்வு இன்னொரு கட்டம். தூக்கம் கெடுவது பித்தெழுச்சியின் அறிகுறி மட்டுமல்ல, சிலருக்கு அதைக் கிளப்பிவிடுவதும் அதுவே. 2015–16 தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, வயது வந்த 200 பேரில் ஒருவர் வாழ்நாளில் இந்த நோயைச் சந்தித்திருக்கிறார்.

நோய் அடங்கிய பிறகுதான் புதிர் தொடங்குகிறது. பித்தெழுச்சியோடு முதன்முறை மருத்துவமனையில் சேர்ந்தவர்களை அமெரிக்க ஆய்வாளர்கள் தொடர்ந்து கவனித்து, 2003இல் முடிவை வெளியிட்டார்கள். 2 ஆண்டுகளுக்குள் 98 விழுக்காட்டினருக்கு நோய்க்கட்டம் விலகியிருந்தது. வேலையிலும் வாழ்க்கையிலும் பழைய நிலையை எட்டியவர்களோ 43 விழுக்காடுதான். ‘நல்லாத்தானே இருக்கான், வேலைக்குப் போனா என்ன?’ என்று சொந்தக்காரர்கள் கேட்பது இந்த இடைவெளியில் நிற்பவரிடம்தான். வெளியே தெரியாத மெல்லிய சோர்வு அவரிடம் மிச்சமிருக்கலாம். கவனமும் திட்டமிடலும் முழுதாகத் திரும்பியிருக்காது. கரண்ட் பில்லுக்குக் கடைசி நாளை நினைவில் வைப்பதே அவருக்குப் பெரிய வேலை.

நோய் திரும்பாமல் இருக்க இந்தக் கடிகாரத்தைச் சீராக வைக்கப் பார்க்கலாம். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் ஆய்வாளர் எலன் ஃபிராங்க் குழுவினர் அதற்குப் பிடித்த வழி ஆச்சரியப்படும் அளவுக்கு எளிது. படுக்கையை விட்டு எழுந்தது, முதல் ஆளிடம் பேசியது, வேலையைத் தொடங்கியது, இரவுச் சாப்பாடு, படுத்தது: இந்த ஐந்துக்கும் மணி குறித்து, நாளுக்கு நாள் அதிகம் நகராமல் பார்த்துக்கொள்வது. முதல் ஆளிடம் பேசியது எதற்கு என்று தோன்றும். வெளிச்சத்தைப் போலவே மனிதர்களும் நம் நாளுக்கு மணி அடிக்கிறார்கள் என்பது அவர்கள் கணிப்பு. மாத்திரையோடு இந்தப் பயிற்சியும் கடுமையான கட்டத்திலேயே பெற்றவர்களுக்கு, அடுத்த நோய்க்கட்டம் வரத் தாமதமானது என்று 2005இல் காட்டினார்கள்.

மாத்திரையிலும் ஒரு வியப்பு. தனிமங்களில் மூன்றாவது, உலோகங்களில் மிக லேசானது லித்தியம். அதன் உப்பு பித்தெழுச்சியை அடக்குவதை 1949இல் ஆஸ்திரேலியாவின் ஜான் கேட் வெளியிட்டார். எப்படி அடக்குகிறது என்பதற்கு இன்னும் முழு விடை இல்லை. ஆனால் சோதனை விலங்குகளில் அது உயிர்க் கடிகாரத்தின் சுற்றை நீட்டுகிறது. கடிகாரப் புரதங்களுக்கு நேரம் குறிக்கும் நொதி ஒன்றையே தடுக்கிறது.

தேவைப்படும் அளவு லிட்டர் இரத்த நீரில் சுமார் 5 மில்லிகிராம். ஒரு சிட்டிகை உப்பில் துளிப் பங்கு. அது இரு மடங்கானாலே நஞ்சு. சிறுநீரகமோ லித்தியத்தையும் சோடியத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரி கையாளுகிறது. சித்திரை வெயிலில் சுண்ணாம்புக்கல் ஏற்றுபவருக்கு வியர்வையில் உப்பும் நீரும் போனால், சிறுநீரகம் சோடியத்தைப் பிடித்து வைக்கும். லித்தியமும் கூடவே தங்கிவிடும். வாந்தி பேதியிலும் இதே ஆபத்து. மூட்டுவலிக்குக் கடையில் வாங்கும் டைக்ளோஃபினாக்கும் அளவை ஏற்றிவிடும். பிரஷருக்கு உப்பைக் குறைக்கச் சொன்னால், லித்தியம் எழுதிய டாக்டரிடம் கேட்காமல் குறைக்கக் கூடாது. கை நடுக்கம் கூடி, நடை தள்ளாடினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இரத்தத்தில் அளவு பார்ப்பார்கள்.

அந்த மூன்றாம் ஷிப்டை என்ன செய்வது? 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மனநோயையும் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அரசு நிறுவனங்கள் மாற்றுத்திறனாளி ஊழியருக்கு ஏற்ற நியாயமான மாற்றங்களைச் செய்து தர வேண்டும் என்கிறது. இரவு வேலை வேண்டாம், நிலையான பகல் ஷிப்ட் போதும் என்று டாக்டர் கடிதத்தோடு கேட்பதற்கு அதில் இடமிருக்கிறது.