இளம்பிராயத்துத் தனிமை

2019 நவம்பர் 28-ஆம் தேதி வேலூரினின்று பிரிந்து தனி மாவட்டமான ராணிப்பேட்டை, பிறந்து நான்கு மாதம் நிறையுமுன்பே கொரோனா ஊரடங்கிற்குள் புகுந்தது. வாலாஜாபேட்டை, மேல்விஷாரம் தொடங்கி ஆம்பூர், வாணியம்பாடி வரையில் தோல் பதனிடும் தொழிற்சாலைகளும் ஷூ கம்பெனிகளும் கதவடைக்க, கூலி நின்றுபோய், நோய்க்கும் பசிக்கும் பெற்றோர் ஒருசேர அஞ்சிக்கொண்டிருந்த அந்நாட்களில், வீட்டு மூலையில் மௌனமாய் அமர்ந்திருந்த 13 வயதுப் பிள்ளைக்கு எது பறிபோயிற்று என்று விசாரிக்க எவருக்கும் அவகாசமில்லை. எட்டாம் வகுப்பு வரை பயின்றோருக்கு 2021 நவம்பர் 1 வரையில், அதாவது 19 மாதங்களுக்கு மேலாக, வகுப்பறையே இல்லை. பாடம் தவறியதைக் குறித்து நிரம்பப் பேசிய நாம், சிநேகிதம் தவறியதைக் குறித்து அதில் நூற்றிலொரு பங்கும் பேசவில்லை என்பது என் மனத்தாங்கல்.

சிநேகிதத்தை ஆடம்பரமென்று எண்ணுவோர் 2020-இல் வெளியான ஒரு பரிசோதனையை அறிய வேண்டும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் லிவியா டொமோவாவும் அவருடைய சகாக்களும், 40 பேரை ஒரு நாள் 10 மணி நேரம் மனித சகவாசமே இன்றி வைத்தும், வேறொரு நாள் அதே நேரம் பட்டினி வைத்தும், பின்னர் அவர்களுடைய மூளையை ஸ்கேன் செய்து பார்த்தனர். உணவின் படத்தைக் கண்டதும் பசித்தோருக்கு நடுமூளையின் எப்பகுதி கிளர்ந்ததோ, மனிதர் கூடிக் களிக்கும் படத்தைக் கண்டதும் தனித்திருந்தோருக்கும் அப்பகுதியே கிளர்ந்தது. இவர்கள் வயது வந்தோர். பருவ வயதிலோ, மூளை இன்னும் உருவாகிக்கொண்டிருக்க, பெற்றோரின் மெச்சுதலினும் சமவயதினரின் மெச்சுதலையே மனம் பெரிதும் நாடத் தொடங்குகிறது. இளம்பருவத்தில் தனிக் கூண்டில் வளர்ந்த எலிகள், பின்னர்க் கூட்டத்தோடு சேர்ந்த போதிலும் முற்றும் சீரடையவில்லை என்பது பழைய ஆய்வுகளின் முடிபு. எலியின் அனுபவத்தை அப்படியே குழந்தையின்மேல் ஏற்றுவது விஞ்ஞானமாகாது. ஆயினும் கவலைகொள்ள அது போதிய காரணம்.

ஆய்வாளர் நிக்கோல் ரசீன் குழுவினர் பெருந்தொற்றுக் காலத்தில் பல நாடுகளில் நடந்த 29 ஆய்வுகளை, ஏறத்தாழ 81,000 இளையோரின் விவரங்களைத் தொகுத்து 2021-இல் வெளியிட்டபோது, நால்வரில் ஒருவரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் மிகுந்திருந்தன. பெருந்தொற்றுக்கு முந்தைய மதிப்பீடுகளுக்கு இது ஏறக்குறைய இருமடங்கு. பெண்பிள்ளைகளிடம் இன்னும் அதிகம்.

பெண்பிள்ளைகளின் இத்துயரம் வேலூர்ச் சீமைக்குப் புதிதன்று. கணியம்பாடி வட்டாரத்தில் 1992 முதல் 2001 வரை நேர்ந்த மரணங்களை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியார் வீடு வீடாக விசாரித்து 2004-இல் ‘லான்செட்’ ஏட்டில் வெளியிட்ட ஆய்வின்படி, 10 முதல் 19 வயதுப் பெண்களின் மரணங்களில் பாதிக்குமேல் தற்கொலைகள். அவ்வயதினரின் தற்கொலை விகிதம் ஆண்டுக்கு லட்சம் பெண்களில் 148, லட்சம் ஆண்களில் 58. மனச்சோர்வு ஒன்றே காரணமென்று கொள்ளலாகாது. குடும்பச் சச்சரவு முதலிய பலவும் அதனுள் கலந்திருந்தன. எனினும், பள்ளிக்குப் போகும் வழியொன்றே தோழியரோடு மனம்விட்டுப் பேசும் இடமாயிருக்கும் ஒரு பெண்ணுக்கு அவ்வழி அடைபட்டால், வீட்டின் ஒரே செல்போனும் அண்ணன் கையிலோ அப்பா கையிலோ இருந்தால், அவளுக்கு மிஞ்சுவது எது? அப்போன் கையில் கிடைத்தாலும், பிறர் படங்களை ஓயாது தள்ளிக்கொண்டே பார்ப்பதற்கும் ஒரு தோழியின் குரலைக் கேட்பதற்கும் வெகு தூரம்.

பாகாயத்திலுள்ள அக்கல்லூரியின் மனநல மையம், நோயாளியோடு குடும்பத்தாரும் உடன் தங்கிச் சிகிச்சையில் பங்கேற்கும் முறையை இந்நாட்டில் வெகுகாலம் முன்பே கைக்கொண்ட நிலையம். குடும்பத்தை மருத்துவத்தின் துணையாக்கிய அந்த ஞானம் நம் வீடுகளுக்கும் எட்ட வேண்டும். பருவ வயதில் மனச்சோர்வு அழுகையாகவே வருமென்பதில்லை. காரணமற்ற எரிச்சல், தூக்கம் குலைதல், தலைவலி வயிற்றுவலி, விருப்பமான விளையாட்டிலும் நாட்டமின்மை என்றெல்லாம் வரும். இவை இரண்டு வாரத்திற்கு மேல் நீடித்தால், திமிரென்று அதட்டாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்வதோடு, பழைய சிநேகிதர்களை வீட்டுக்கு வரவழைப்பதும் பெற்றோரின் கடமை. 2022 அக்டோபரில் தொடங்கிய ‘டெலி மானஸ்’ என்னும் அரசின் தொலைபேசி மனநலச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் இலவசமாக அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.