காற்றும் கம்பியும் – 9: துண்டு போட்டு இடம் பிடித்தவர்கள்

"நாம கரண்டு வாங்கணும்னா ஈபி ஆபீஸ்ல டெபாசிட் கட்டுதோம், சரி. விக்கப் போறவனும் கட்டணுமாமே, நெசமா தம்பி?"

நாசரேத் ரயில் நிலையத்தில் திருச்செந்தூர் வண்டிக்காகக் காத்திருந்தபோது, பக்கத்தில் இருந்த அண்ணாச்சி கேட்டார். சாத்தான்குளம் பக்கம் அவருக்குக் கொஞ்சம் மானாவாரி நிலமும் பனைகளும் உண்டு. காற்றாலைக்கு நிலம் பேச வந்த தரகர் சொல்லித்தான் இந்த விஷயம் அவர் காதுக்கு வந்திருக்கிறது.

"நெசந்தான் அண்ணாச்சி. அவங்க கட்டாமப் போனா கம்பி போட்ட செலவு நம்ம தலையிலதான் விடியும்" என்றேன். அதற்குள் வண்டி வந்துவிட்டது. மீதியை இங்கே சொல்கிறேன்.

தூத்துக்குடிக்கு இந்தப் பாடம் நிலக்கரியிலிருந்து வந்தது. மேலமருதூரில் கோஸ்டல் எனர்ஜன் நிறுவனம் 600 மெகாவாட் அலகுகள் இரண்டு கட்டியது. அதோடு இன்னொரு நிறுவனம் 660 மெகாவாட் நிலையம் ஒன்றைக் கட்டப்போவதாகச் சொல்லியிருந்தது. இருவரையும் நம்பி பவர்கிரிட் தூத்துக்குடியில் ஒரு தொகுப்பு மின்நிலையம் அமைத்து, அங்கிருந்து சேலத்துக்கு 765 கிலோவோல்ட் தாங்கும் இரட்டை வழித்தடம் போட்டது. தொடக்கத்தில் அதை 400 கிலோவோல்ட்டில்தான் இயக்கினார்கள். 660 மெகாவாட் நிலையம் வரவே இல்லை. வந்த நிலையமும் பின்னால் திவால் நடவடிக்கைக்குப் போய், 2024இல்தான் கைமாறியது.

ஆலை வராவிட்டாலும் கோபுரங்கள் நிற்கின்றன. போட்ட முதலும் அதற்கான வருமானமும் வழித்தடம் கட்டியவருக்கு மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயித்தபடி வந்தாக வேண்டும். நாட்டிலுள்ள மாநிலங்களுக்கு இடையிலான வழித்தடங்களின் கட்டணத்தையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து, அவற்றைப் பயன்படுத்துவோரிடையே பங்கு போடுகிறார்கள். அதில் தமிழ்நாட்டு மின்வாரியத்துக்கும் பங்கு உண்டு. வாரியத்தின் பங்கு கடைசியில் நம் வீட்டு ரசீதில் வந்து சேரும். வராத ஆலைக்குப் போட்ட கம்பிக்கு, ஆலையைக் கண்ணாலும் பார்க்காத குடும்பம் பணம் கட்டுவது அநியாயம். டெபாசிட் வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வதற்கு வேறு காரணம் தேவையில்லை.

பழைய டெபாசிட் விதி அவ்வளவு இறுக்கமாக இல்லை. ஆணையம் 2009இல் கொண்டுவந்த விதிகளின்படி, கட்டுமானக் காலத்துக்கு மெகாவாட்டுக்கு 5 லட்சம் ரூபாய் வங்கி உத்தரவாதம். 660 மெகாவாட்டுக்குக் கணக்குப் போட்டால் 33 கோடி. ஒரு 765 கிலோவோல்ட் வழித்தடத்தின் செலவுக்கு முன்னால் இது எம்மாத்திரம்? பாதியில் விலகுகிறவர், பயன்படாமல் நிற்கும் கம்பிக்கு 12 ஆண்டு நிறைவதற்கு எத்தனை ஆண்டு குறைகிறதோ அத்தனை ஆண்டுக் கட்டணத்தின் இன்றைய மதிப்பில் 66 சதவீதம் தர வேண்டும் என்றும் விதி இருந்தது. எந்தக் கம்பி பயன்படாமல் நிற்கிறது, எவ்வளவு நிற்கிறது என்று கணக்கிடுவதிலேயே வழக்குகள் வருடக்கணக்கில் இழுத்தன. அதைக் கணக்கிடும் முறையை ஆணையம் 2019 மார்ச்சில்தான் ஓர் உத்தரவாகப் போட்டது.

காற்றும் சூரியனும் வந்தபோது சிக்கல் வேறு உருவம் எடுத்தது. பஸ் புறப்படுவதற்கு முன் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். தொகுப்பு மின்நிலையங்களிலும் அப்படித்தான் இடம் பிடித்தார்கள். நிலமும் கையில் இல்லை, மின்சாரம் வாங்கும் ஒப்பந்தமும் இல்லை, ஆனால் இணைப்பு அனுமதி மட்டும் இருக்கும். அதை விற்கவும் விலை பேசவும் ஆட்கள் இருந்தார்கள். உண்மையிலேயே ஆலை கட்ட வந்தவர் நின்றுகொண்டே போக வேண்டியதாயிற்று.

இதைத் தடுக்கத்தான் ஆணையம் 2022 ஜூனில் புதிய விதிகளை அறிவித்து, பிறகு திருத்தங்களும் செய்தது. 100 மெகாவாட் காற்றாலை ஒன்றை மனதில் வைத்துக் கணக்குப் பார்ப்போம். விண்ணப்பக் கட்டணம் 5 லட்சம், அது திரும்பாது. மின்சாரம் வாங்கும் ஒப்பந்தமோ, தேவையான நிலத்தில் பாதிக்கான பத்திரங்களோ காட்ட வேண்டும். முடியாவிட்டால் மெகாவாட்டுக்கு 10 லட்சம் வீதம் 10 கோடிக்கு வங்கி உத்தரவாதம். கொள்கையளவில் அனுமதி கிடைத்ததும் இன்னொரு 50 லட்சம். ஏற்கெனவே அமைந்த கட்டமைப்பில் சேர்வதற்கு மெகாவாட்டுக்கு 2 லட்சம், அதாவது 2 கோடி. தொகுப்பு மின்நிலையத்தில் இவருடைய கம்பி வந்து சேர்வதற்கென்று புதிதாக ‘பே’ என்கிற இணைப்பிடம் கட்ட வேண்டியிருந்தால் அதற்குத் தனி உத்தரவாதம். ஆலையிலிருந்து மின்நிலையம் வரை போகும் கம்பியை அவரே தன் செலவில் இழுத்துக்கொள்ள வேண்டும்.

வங்கி உத்தரவாதம் என்றால் ரொக்கத்தை எடுத்துக் கட்டுவதல்ல. "இவர் தவறினால் நான் தருகிறேன்" என்று வங்கி எழுதிக்கொடுக்கும் சீட்டு. அதற்கு வங்கி கமிஷன் வாங்கும், ஒரு பங்கை வைப்பாகப் பிடித்துவைக்கும், சொத்தும் கேட்கும். பெரிய நிறுவனத்துக்கு இது ஒரு கையெழுத்து. நடுத்தரக்காரருக்கு இயந்திரம் வாங்க வைத்திருந்த கடன் வரம்பே இதில் முடங்கிப்போகும். நாம் வீட்டுக்குக் கட்டும் டெபாசிட்டுக்காவது 2003 மின்சாரச் சட்டம் வட்டி தரச் சொல்கிறது. உத்தரவாதத்துக்கு வட்டி ஏது?

அதற்கும் கீழே இருப்பவருக்கு இந்தக் கதவே இல்லை. மத்திய வழித்தடத்தில் நேரடியாகச் சேரக் குறைந்தது 50 மெகாவாட் வேண்டும். 1986இல் தூத்துக்குடி பக்கத்து முள்ளக்காட்டில் நாட்டின் முதல் காற்றாலைப் பண்ணைகளில் ஒன்றை நட்டபோது ஒவ்வொரு இயந்திரமும் 55 கிலோவாட்தான். அந்த அளவில் யோசிக்கிற கூட்டுறவுக்கோ ஊர்ச் சங்கத்துக்கோ மாநில வாரியத்தின் கம்பி ஒன்றுதான் வழி. மத்திய வழித்தடத்தின் வாசலைச் சிறியவர்களுக்கும் கொஞ்சம் திறக்கலாம் என்பது என் கட்சி. உத்தரவாதத்தைக் குறைக்கச் சொல்லவில்லை. பலர் சேர்ந்து ஒரே உத்தரவாதம் கொடுப்பதை எளிதாக்கச் சொல்கிறேன்.

குறித்த காலத்துக்குள் ஆலை ஓடாவிட்டால் அனுமதி ரத்தாகும், உத்தரவாதம் உடைபடும். அந்தப் பணம் வழித்தடக் கட்டணத்தில் கழிக்கப்பட்டு எல்லோருடைய பங்கும் கொஞ்சம் குறையும். அது நியாயம்தான். ஆனால் அண்ணாச்சியைப் போன்றவர் அந்தக் கணக்கில் எங்கே இருக்கிறார்? இரண்டு வருடம், மூன்று வருடம் வேறு யாருக்கும் கொடுக்காமல், பனையை வெட்டலாமா வேண்டாமா என்று தெரியாமல், ஓர் ஒப்பந்தத்தை நம்பி நிலத்தைக் காத்துவைத்தவருக்கு உடைந்த உத்தரவாதத்திலிருந்து ஒரு பைசா வராது. உயரழுத்தக் கம்பி மேலே போகிற நிலத்துக்காவது 2024 ஜூனில் மத்திய மின்துறை ஒரு வழிகாட்டுதல் தந்தது. கோபுரம் நிற்கும் இடத்துக்கு நில மதிப்பில் 200 சதவீதம், கம்பிக்குக் கீழுள்ள பாதைக்கு 30 சதவீதம் இழப்பீடு. 2015 வழிகாட்டுதலில் இது 85, அதிகபட்சம் 15 என்று இருந்தது. கம்பி போகாமலே, ஆலை வராமலே காத்திருந்த நிலத்துக்கு அப்படி எந்த எண்ணும் இல்லை.

அண்ணாச்சி, அந்தத் தரகர் திரும்ப வருவார். வரும்போது, குறித்த தேதிக்குள் ஆலை வராவிட்டால் நிலம் தானாக உங்கள் கைக்குத் திரும்பும் என்றும், காத்திருந்த ஒவ்வொரு வருடத்துக்கும் இவ்வளவு என்றும் பத்திரத்தில் எழுதச் சொல்லுங்கள். வழித்தடத்துக்குக் கோடிக்கணக்கில் உத்தரவாதம் கொடுக்கிறவரால் உங்களுக்கு ஒரு வருடக் குத்தகையை முன்பணமாகத் தர முடியாதா என்றும் கேளுங்கள்.