மூளைக்குள் ஒரு குமிழ்: அனியூரிசம் எப்படி உருவாகுது, எப்படி வளருது?

ஒரு நேயர் அனுப்பின வாய்ஸ் மெசேஜ்லேர்ந்தே இந்த எபிசோடை ஆரம்பிக்கிறேன். அவங்க அம்மாவுக்கு 58 வயசு. தலைசுற்றல்னு எம்ஆர்ஐ எடுத்திருக்காங்க. தலைசுற்றலுக்குக் காரணம் காதுல இருந்திருக்கு, அது சரியாவும் ஆயிடுச்சு. ஆனா ரிப்போர்ட்ல கூடவே ஒரு வரி: மூளை ரத்தக்குழாயில் 4 மில்லிமீட்டர் அனியூரிசம். "அம்மா குனிஞ்சு கோலம் போட்டாக்கூட பயமா இருக்குங்க. இது பிறந்ததுலேர்ந்தே இருக்கா? இப்பவும் வளர்ந்துகிட்டேதான் இருக்குமா?"ன்னு கேட்டிருந்தாங்க.

ரெண்டும் நல்ல கேள்வி. பல பேருக்கு ரெண்டுலயும் தப்பான பதில்தான் மனசுல இருக்கு.

அனியூரிசம்னா ரத்தக்குழாயின் சுவர் ஒரு இடத்துல பலவீனமாகி வெளியே புடைச்சு நிக்கறது. மூளையில் பெரும்பாலும் இது ஒரு காம்புல தொங்குற சின்னப் பழம் மாதிரி இருக்கும். பெரியவங்கள்ல 100 பேரை எடுத்தா சுமார் 3 பேருக்கு இது இருக்கு. அவங்கள்ல பெரும்பாலானவங்களுக்குக் கடைசி வரைக்கும் தெரியவே தெரியாது.

மூளையின் அடிப்பக்கத்துல ரத்தக்குழாய்கள் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து ஒரு வளையம் போடுது. தாமஸ் வில்லிஸ்ங்கிற ஆங்கிலேய மருத்துவர் 1664-ல் இதை விவரிச்சதால அவர் பேரையே வெச்சு வில்லிஸ் வளையம்னு சொல்றாங்க. அனியூரிசம் அதிகமா வர்றது இந்த வளையத்துலயும் அதை ஒட்டிக் குழாய் ரெண்டாப் பிரியற இடங்கள்லயும்தான்.

ஏன் அங்க? வாய்க்கால் ரெண்டாப் பிரியற இடத்தைப் பார்த்திருப்பீங்க. வர்ற தண்ணி மொத்தமும் நேரா அந்த நடுமுனையில மோதும். கரை முதல்ல அரிக்கறது அங்கதான். ரத்தக்குழாய்லயும் அதே கதைதான், ஒரு வித்தியாசத்தோட. வாய்க்கால் கரை வெறும் மண்ணு. ரத்தக்குழாய்ச் சுவருக்கு உயிர் இருக்கு. உள்பக்கம் ஒட்டியிருக்கிற செல்கள், ரத்தம் எவ்வளவு வேகமா உரசிப் போகுதுன்னு உணர்ந்துகிட்டே இருக்கும். உரசல் அளவுக்கு மீறினா அவை அழற்சிக்கான சிக்னல் அனுப்பும். வெள்ளை அணுக்கள் சுவருக்குள்ள வரும். அவை விடுற நொதிகள் சுவரின் கொலாஜனையும் எலாஸ்டினையும் கரைக்க ஆரம்பிக்கும். அதாவது ரத்தம் நேரடியா சுவரைக் கிழிக்கறதில்ல. சுவரே தன்னைச் சரிபண்ணப் போய், சரிபண்றதைவிட அதிகமா அரிச்சுக்குது.

இதுல மூளைக் குழாய்களுக்குன்னு ஒரு குறையும் இருக்கு. உடம்பின் மற்ற தமனிகள்ல சுவருக்கு உள்ளேயும் வெளியேயும் ரெண்டு ரப்பர் படலம் உண்டு. மண்டைக்குள்ள போன தமனிக்கு உள்பக்கப் படலம் ஒண்ணுதான். சுத்தித் தாங்கிப் பிடிக்கத் தசையும் கிடையாது, மூளைத் தண்டுவடத் திரவத்துல மிதக்குது. அந்த ஒரு படலம் உடைஞ்சா புடைப்பு ஆரம்பம்.

முன்னாடி இதைப் பிறவிக் குறைன்னுதான் நினைச்சாங்க. பிரியற இடங்கள்ல தசை அடுக்குல சின்ன இடைவெளி இருக்கறதை 1930-ல் ஃபோர்பஸ் எடுத்துக்காட்டினார். பிறகு பார்த்தா, அனியூரிசமே இல்லாதவங்களுக்கும் அந்த இடைவெளி இருந்தது. 1978-ல் ஜப்பான்ல ஹஷிமோட்டோவும் கூட இருந்தவங்களும் எலிகளுக்கு ஒருபக்கக் கழுத்துத் தமனியைக் கட்டி, ரத்த அழுத்தத்தை ஏத்தி, கொலாஜனைப் பலவீனமாக்குற ஒரு பொருளையும் கொடுத்தாங்க. நல்லாப் பிறந்த எலிகளுக்கு மூளையில அனியூரிசம் வந்தது. குடும்ப வழியா வர்ற பலவீனம் உண்டுதான். நெருங்கின ரத்த உறவுல ரெண்டு பேருக்கு இருந்தாலோ, பரம்பரையா வர்ற சிறுநீரகக் கட்டி நோய் இருந்தாலோ வாய்ப்பு கூடும். ஆனா புடைப்பு பெரும்பாலும் வயசு வந்தப்புறம் உருவாகறது. குழந்தைகள்கிட்ட ரொம்ப அபூர்வம்.

சரி, வளர்றது? பலூன் ஊதற மாதிரி நாளுக்கு நாள் பெருகும்னு நினைக்காதீங்க. பை உருவானதும் உள்ளே ரத்தம் மெதுவாச் சுழல ஆரம்பிக்கும். இப்ப பிரச்சினை தலைகீழ்: உரசல் ரொம்பக் குறைவு. அதுவும் செல்களுக்குப் பிடிக்காது, அழற்சி தொடரும். கூடவே ஒரு இயற்பியல் விதி: அதே அழுத்தத்துல பையின் ஆரம் இரண்டு மடங்கானா சுவர் தாங்கவேண்டிய இழுவிசையும் இரண்டு மடங்கு. இன்னொரு பக்கம் சுவர் புதுக் கொலாஜனைப் போட்டுகிட்டே இருக்கும். போடறது ஜெயிச்சா வளர்ச்சி நின்னுடும், வருஷக்கணக்கா அதே அளவுல இருக்கும். கரையறது ஜெயிச்சா திடீர்னு கொஞ்சம் பெருசாகும், மறுபடி நிக்கலாம். அறுவை சிகிச்சையில மைக்ரோஸ்கோப் வழியா பார்க்கறவங்க, ஒரே பையில ஒரு பக்கம் தடிச்சு மஞ்சளாவும் இன்னொரு பக்கம் உள்ள ஓடுற ரத்தம் தெரியற அளவுக்கு மெலிஞ்சும் இருக்கறதைப் பார்க்கறாங்க. அதனாலதான் அளவு மட்டுமே எல்லாத்தையும் சொல்லிடாது. இருக்கற இடம், வடிவம், முன் ஸ்கேனைவிட வளர்ந்திருக்காங்கறதும் முக்கியம்.

ஆனாலும் அளவு சொல்ற கணக்கைக் கேளுங்க. 2012-ல் வெளிவந்த ஜப்பான் ஆய்வுல 5,720 பேரைத் தொடர்ந்து கவனிச்சாங்க. 3–4 மில்லிமீட்டர் இருந்தவை வெடிச்சது வருஷத்துக்கு 0.36 சதவீதம். 7–9 மில்லிமீட்டர்னா 1.69. 25-க்கு மேல போனா 33 சதவீதம். அதுலயும் ஜப்பானியர்களுக்கு இந்த ஆபத்து மத்தவங்களைவிடக் கூடுதல்.

இப்ப அந்த நேயருக்கு. அம்மா கோலம் போடலாம். அன்றாட வீட்டு வேலையை டாக்டர்கள் பொதுவா நிறுத்தச் சொல்றதில்ல. சுவரை அரிக்கிற விஷயத்துல நம்ம கையில இருக்கறது ரெண்டு: உயர் ரத்த அழுத்தம், புகையிலைப் புகை. அம்மாவோட பிபியை வாராவாரம் எழுதி வைங்க. வீட்ல யாராவது சிகரெட் பிடிச்சா அதை வெளியே கொண்டு போகச் சொல்லுங்க. சிகிச்சை தேவையா, இல்ல குறிப்பிட்ட இடைவெளியில ஸ்கேன் எடுத்துப் பார்த்தாப் போதுமான்னு நியூரோசர்ஜனைக் கேளுங்க. அடுத்த ஸ்கேனுக்குப் போறப்ப பழைய படத்தோட சிடியையும் கையில எடுத்துட்டுப் போங்க, ஒப்பிட்டுப் பார்க்க அது வேணும்.

ஒண்ணே ஒண்ணுக்கு மட்டும் காத்திருக்கக் கூடாது. வாழ்நாள்ல இதுவரை வராத தலைவலி, ஒரே நிமிஷத்துல உச்சத்துக்குப் போய் இடி விழுந்த மாதிரி வந்தா, கூட வாந்தியோ கழுத்து இறுக்கமோ இருந்தா, மாத்திரை போட்டுப் படுக்க விடாதீங்க. ஒரு கண்ணிமை திடீர்னு தொங்கினாலும் அப்படித்தான். உடனே 108-ஐக் கூப்பிட்டு, சிடி ஸ்கேன் இருக்கற ஆஸ்பத்திரிக்குப் போங்க.

கிளிப், காயில்னு சொல்ற சிகிச்சைகள் எப்படி நடக்குதுன்னு அடுத்த எபிசோடில் பேசலாம்.