அரண்மனைக்குக் காவல் உண்டு, தோட்டத்துக்கு?

தேர்வாய் கண்டிகை சிப்காட் பக்கத்திலிருந்து ஊத்துக்கோட்டை, நாகலாபுரம் வழியாகத் திருப்பதி போகிறவர்களில் பலர் தரிசனம் முடிந்ததும் திரும்பிவிடுகிறார்கள். இன்னும் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் போனால் சந்திரகிரி. விஜயநகர அரசர்களின் கடைசித் தலைநகரங்களில் ஒன்று. 1639இல் சென்னைப் பட்டினத்துக்கான நிலத்தை ஆங்கிலேயருக்குக் கொடுத்த தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கர் இந்த மரபுக்குக் கட்டுப்பட்டவர்தான்.

அங்குள்ள ராஜ மஹால் மூன்றடுக்கு. கல், செங்கல், சுண்ணாம்புச் சாந்து மட்டும்தான். மரமே கிடையாது. கரையானுக்கு அங்கே வேலையில்லை. இன்று அது மத்திய தொல்லியல் துறையின் அருங்காட்சியகம்.

இப்படிப்பட்ட சின்னங்களைக் காப்பது 1958ஆம் ஆண்டுச் சட்டம். 2010 திருத்தத்தின்படி, பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் எழுப்பக்கூடாது. அதற்கப்பால் இன்னும் 200 மீட்டர் வரை அனுமதி வாங்கித்தான் கட்டலாம். நம் திருவள்ளூர் மாவட்டத்துப் பழவேற்காடு டச்சுக் கல்லறைக்கும் இதே விதிதான். சின்னத்தைச் சேதப்படுத்தினால் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

சிக்கல் தோட்டத்தில். நினைவுச் சின்னம் எது என்று சொல்லும்போது கட்டடம், குகை, கல்வெட்டு, பாறைச் சிற்பம் என்று அடுக்கும் சட்டம், தோட்டத்தைப் பெயர்சொல்லிக் குறிப்பிடவில்லை. வளாகத்துக்குள் இருந்தால் அதுவும் சேர்ந்து காப்பாற்றப்படும், அவ்வளவே. மஹாலைச் சுற்றி நாம் பார்க்கும் புல்தரை தொல்லியல் துறை வளர்ப்பது. ராயர்கள் உலவிய தோட்டம் அல்ல. கர்சன் பிரபு தாஜ்மஹாலைச் சுற்றிப் பரப்பிய புல்வெளி ரசனை இன்னும் நம் சின்னங்களை விட்டு நகரவில்லை. படம் எடுக்க அழகுதான். வரலாறு என்று சொல்லத்தான் மனம் வரவில்லை.

1981இல் உருவான புளோரன்ஸ் சாசனம் பழந்தோட்டத்தை உயிருள்ள நினைவுச் சின்னமாகவே கொள்கிறது. செடி பட்டுப்போகும், மறுபடி நடவேண்டும். ஆகவே நில அமைப்பு, செடி வகை, நீரோட்டம் மூன்றையும் ஆராய்ந்த பிறகே கைவைக்கவேண்டும் என்கிறது.

சென்னையில் அந்த வாய்ப்பும் போய்விட்டது. ஆற்காடு நவாப் 1768இல் கட்டிய சேப்பாக்கம் அரண்மனை, 1855இல் வாரிசின்றி நவாப் இறந்தபின் ஆங்கிலேயர் கைக்குப் போனது. பரந்த வளாகத்தில் பிறகு கிரிக்கெட் மைதானமும் அரசு அலுவலகங்களும் வந்தன. 2012 தீவிபத்தில் சிதைந்த, அரண்மனையின் ஒரு பகுதியான கலஸ் மஹாலைப் பொதுப்பணித் துறை மீட்டெடுத்தது. தோட்டத்தை மீட்க அங்கே மண்ணே மிச்சமில்லை.

சந்திரகிரிக்குப் போகிறவர்கள் வெள்ளிக்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள். தொல்லியல் துறை அருங்காட்சியகங்களுக்கு வழக்கமாக அன்று விடுமுறை.