முள்வாங்கி

சென்ற மாரியிலே, கேகாலைப் பகுதித் தோட்டமொன்றில் லயத்தின் பின்புறம் கான் வெட்டியபோது, என் மாணவனொருவன் களிம்பேறிய செப்புக் கருவிகள் மூன்றைக் கண்டெடுத்தான். சாவணம், ஊசி, காதின் அழுக்கெடுக்கும் குறும்பிவாங்கி ஆகிய மூன்றும் ஒரே வளையத்திற் கோக்கப்பட்டிருந்தன. “ஐயா, இது உரோமருடையதோ?” என்று வினவினான். வகுப்பில் யான் காட்டிய படமொன்றே அவ்வினாவுக்குக் காரணம்.

அவ்வினா நகைத்தற்குரியதன்று. உரோமரும் இவ்வாறே சாவணம், நகத்தின் அழுக்கெடுக்குங் கோல், குறும்பிவாங்கி என்பவற்றை ஒரு வளையத்திற் கோத்து வைத்திருந்தனர். இங்கிலாந்திலுள்ள உரொக்சிற்றர் என்னும் பழைய உரோம நகரிற் கிடைத்த ஐம்பதுக்கு மேற்பட்ட சாவணங்கள், 2023 இல் ஆங்குள்ள அருங்காட்சியகத்திற் காட்சிக்கு வைக்கப்பெற்றன. நீராடுமிடத்திலே மயிர் பறிப்போன் எழுப்பிய கூச்சலைச் செனெக்கா என்னும் அறிஞர் தம் கடிதமொன்றிற் குறைகூறியுள்ளார். உரோமர் இலங்கையையும் அறிவர். கிளாடியசு மன்னன் காலத்தில் இத்தீவின் தூதர் நால்வர் உரோமுக்குச் சென்றதைப் பிளினி எழுதி வைத்துள்ளார்.

ஆயினும் விடை அயல் லயத்து மூதாட்டியிடமிருந்து வந்தது. “இது முள்வாங்கி வாத்தியாரய்யா! எங்க தாத்தா அரைஞாண்ல தொங்கும். மலையில முள்ளு தச்சா இதாலதான் எடுப்பாரு” என்றார் அவர்.

மாணவன் முகம் வாடிற்று. எனக்கோ, அவன் உரோமப் பொருளைக் கண்டிருப்பினும் இத்துணை மகிழ்ச்சி உண்டாகியிராது.

1940 ஆம் ஆண்டுத் தொல்பொருட் கட்டளைச்சட்டம், தொல்பொருளுக்கு எல்லையாக 1815 மார்ச் 2 ஆம் நாளை வகுத்தது. தோட்டங்களோ அதன் பின்னர் எழுந்தவை. ஆதலின் கோப்பியும் தேயிலையும் இறப்பரும் வளர்த்த நம் முன்னோரின் கைப்பொருள்கள் அவ்வெல்லைக்குள் அடங்கா. 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமோ, முன்னோர் இந்நாட்டிற் பிறந்தமைக்குச் சான்று கேட்டது. பத்திரமில்லாத பாட்டன்மார் இங்கு வாழ்ந்து, முள் தைத்து, முள் வாங்கியதற்கு மண் காத்து வைத்த சான்று இஃதன்றோ?

ஆசிரிய நண்பர்களே, மாணவர் இத்தகைய பொருள்களைக் கொணர்ந்தால் புளியிட்டுத் துலக்க விடாதீர்கள். கிடைத்த இடத்தையும் ஆழத்தையும் குறித்து வையுங்கள். முதியோரை வினவுங்கள். அவர்தம் சொல்லும் பொருளோடு சேர்ந்ததே.

என் மாணவன் அன்று மாலையே மூதாட்டியின் வாய்மொழியைக் கொப்பியில் எழுதினான். முதல் வரியில் அவர் பாட்டனாரின் பெயர் இருந்தது.