சிறிய மருத்துவமனையில் ஓர் ஆராய்ச்சியாளர் உருவாவது எப்படி?

கர்த்தருக்குள் அன்பான பங்காளர்களே,

"ஏழை நோயாளிகளின் மருந்துக்காகத்தானே காணிக்கை அனுப்புகிறோம், மிஷன் மருத்துவமனைக்கு ஆராய்ச்சி எதற்கு?" என்று சிலர் எங்களைக் கேட்டதுண்டு. நியாயமான கேள்வி. நோயாளிகளுக்கென்று நீங்கள் தரும் காணிக்கை நோயாளிகளுக்கே செலவாகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். மற்ற பதிலுக்கு, நம் தமிழ்நாட்டில் நடந்த ஒரு சம்பவத்தை நினைவுபடுத்துகிறோம்.

1985-ஆம் ஆண்டின் பிற்பகுதி. எய்ட்ஸ் மேல்நாட்டு வியாதி, இந்தியாவுக்கு வராது என்று பலரும் நம்பியிருந்த காலம். சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியராயிருந்த டாக்டர் சுனிதி சாலமன், தம்மிடம் மேற்படிப்புப் படித்த செல்லப்பன் நிர்மலா என்ற மாணவியிடம், அந்தக் கிருமி இங்கே இருக்கிறதா என்று தேடிப் பார்க்கும்படி சொன்னார். நிர்மலா தயங்கினார், பேராசிரியர் விடவில்லை. கணவரும் ஊக்கப்படுத்தினார். பாலியல் தொழிலில் சிக்கிப் பிடிபட்ட பெண்கள் வைக்கப்பட்டிருந்த காப்பகத்துக்குச் சென்று, எண்பதுக்கும் மேற்பட்டவர்களிடம் இரத்த மாதிரி எடுத்தார். கையுறைகூட இல்லை. மாதிரிகளைத் தம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியிலேயே பாதுகாத்தார்.

பரிசோதிக்கும் வசதி அப்போது சென்னையில் இல்லை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இருந்தது. பேராசிரியர் அங்கே ஏற்பாடு செய்தார். 1986 பிப்ரவரியில் நிர்மலாவும் கணவரும் ஐஸ் பெட்டியில் மாதிரிகளை வைத்துக்கொண்டு இரவு ரயிலில் காட்பாடிக்கு வந்தார்கள். வேலூரில் வைரஸ் ஆய்வுத் துறையை நடத்திய டாக்டர் டி. ஜேக்கப் ஜான், தம் இளம் உடன் ஊழியர்களான ஜார்ஜ் பாபுவையும் எரிக் சிமோயிஸையும் உதவிக்குத் தந்தார். அன்று ஆறு மாதிரிகள் நிறம் மாறின. உடனே அறிவித்துவிடவில்லை. அந்த ஆறு பேரிடமும் மறுபடி இரத்தம் எடுத்து, அமெரிக்காவுக்குக் கொண்டுபோய் வேறொரு முறையிலும் சோதித்து உறுதிசெய்தார்கள். இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது இப்படித்தான் முதன்முதலில் தெரியவந்தது. 1992-இல் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. டாக்டர் சுனிதி 1993-இல் ஒய்.ஆர்.ஜி. கேர் நிறுவனத்தைத் தொடங்கி, 2015-இல் மறையும்வரை இந்த நோயாளிகளுக்காகவே உழைத்தார்.

இதில் நாங்கள் கவனிப்பது ஒன்று. அந்த மாணவியிடம் பணமுமில்லை, கருவியுமில்லை. அவரை ஆராய்ச்சியாளராக்கியது மூத்தவர்கள் செய்த ஐந்து காரியங்கள். ஒருவர் சரியான கேள்வியைக் கொடுத்தார். தம்மிடம் இல்லாத வசதிக்காக இன்னொருவருடைய கதவைத் தட்டினார். அந்த இன்னொருவர் கதவைத் திறந்தார். முடிவை மறுபடி சோதிக்காமல் பேசக்கூடாது என்ற நேர்மையைக் கற்றுக்கொடுத்தார்கள். கடைசியாக, 1987-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் கட்டுரை வந்தபோது, பெரியவர்களின் பெயர்களோடு மாணவியின் பெயரும் இருந்தது.

ஒரு குறையையும் மறைக்கக்கூடாது. எதற்காக இரத்தம் எடுக்கப்படுகிறது என்பதை அந்தப் பெண்களிடம் சொல்லவில்லை என்று நிர்மலாவே பின்னாளில் கூறியிருக்கிறார். இன்று அப்படிச் செய்ய முடியாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நெறிமுறைகள் 2000-இலும், திருத்தப்பட்டு 2017-இலும் வெளிவந்தன. நெறிமுறைக் குழுவின் அனுமதியும் நோயாளியின் சம்மதமும் கட்டாயம். எழுதப் படிக்கத் தெரியாத தாய்க்கும் அவள் மொழியில் விளக்கவேண்டும்; "வேண்டாம்" என்றால் சிகிச்சையில் குறைவு வரக்கூடாது. தேவசாயலில் படைக்கப்பட்டவர்கள் நம் கணக்குப் புத்தகத்தில் வெறும் எண்கள் அல்லவே.

இனி நம் திண்டுக்கல் சமவெளிக்கு வருவோம். வேடசந்தூர், நத்தம், நிலக்கோட்டைப் பக்கங்களில் வயலில் பாம்பு தீண்டியவர் எத்தனை மணி நேரம் கழித்து ஆஸ்பத்திரிக்கு வருகிறார்? இடையில் யாரிடம் போனார்? எங்கே தாமதித்தார்? மேல்நாட்டுப் புத்தகம் இதற்குப் பதில் சொல்லாது. மனம் உடைந்து ஒடுவந்தழையை அரைத்துக் குடித்துவிடுகிறவர்களும் தமிழ்நாட்டில் உண்டு. அந்த விஷத்தில் இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து, அமிலம் பெருகி, இருதயத் துடிப்பே தடுமாறும் என்பதை எழுதிவைத்தவர்கள், அப்படிப்பட்டவர்களைப் படுக்கையருகே நின்று கவனித்த நம் நாட்டு மருத்துவர்களே. இங்கே உள்ள வியாதியை இங்கே உள்ளவர்கள்தான் கவனித்து எழுதவேண்டும்.

வேலூரில் படித்து, இரண்டாண்டு மிஷன் மருத்துவமனைகளில் ஊழியம் செய்ய வரும் இளம் மருத்துவர்களுக்குக் கூர்மையான கண் உண்டு. ஆனால் வெளிநோயாளிகள் வரிசை முடியும்போது மாலையாகிவிடும். மனதில் எழுந்த கேள்வியைக் கேட்க ஒருவருமில்லாவிட்டால் அது அன்றே அவிந்துபோகும். சிலகாலத்தில் அவர்களும் பட்டணத்துக்குப் போய்விடுவார்கள். செவிலியர்களும் அப்படியே, இரவுப் பணியில் அவர்கள் காண்பதை வேறெவரும் காண்பதில்லை, அவர்களிடம் கேட்பாரும் இல்லை.

பவுல் தீமோத்தேயுவுக்குக் கற்பித்தது தீமோத்தேயுவோடு நின்றுவிட அல்ல, அவன் வழியாக மற்றவர்களுக்கும் சேரும்படியே. அதே முறைதான் இதற்கும். வாரத்தில் ஒரு பிற்பகல் மூத்த மருத்துவர் இளையவரோடு உட்காரவேண்டும். ஒழுங்காக எழுதப்பட்ட ஒரு பதிவேடு வேண்டும். கணக்கியல் தெரிந்த ஒருவரின் உதவி வேண்டும். அந்தப் பிற்பகலில் நோயாளிகளைப் பார்க்க இன்னொரு மருத்துவர் வேண்டும். இதில் அதிகம் செலவாவது நேரமே.

ஆகவே மருந்து நிதியைக் குறைத்து ஆராய்ச்சிக்குத் தாருங்கள் என்று நாங்கள் கேட்கமாட்டோம். ஏவப்படுகிறவர்கள் இதற்கெனத் தனியே கொடுங்கள். ஓய்வுபெற்ற பேராசிரியர்கள், புள்ளியியல் ஆசிரியர்கள் உங்களில் இருந்தால், மாதத்தில் ஒருநாளை எங்கள் பிள்ளைகளுக்குத் தாருங்கள். எல்லாருமே அவர்களுக்காக ஜெபியுங்கள்: அவர்கள் கேள்வி கேட்கத் துணியவும், கண்டதை உண்மையாக எழுதவும், நோயாளியின் கண்ணீரை மறவாதிருக்கவும்.

கர்த்தர் உங்களையும் உங்கள் குடும்பத்தையும் ஆசீர்வதிப்பாராக.

அவருடைய ஊழியத்தில்,
மருத்துவமனைப் போதகர்